யமுனை நீரும் டில்லி மாநகரும்

நம் காலனியில் விடியற்காலை ஐந்து மணிக்கெல்லாம் குழாய்களில் நீர் விழும் ஓசை கேட்கத் தொடங்குகிறது. அவ்வோசையைக் கேட்டே பல இல்லத்தரசியர் கண் விழிக்கின்றனர். நீர் வந்த நாளில் அதைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. வராத நாளில் அதைத் தவிர வேறெதையும் எண்ணுவதில்லை. காவிரிக் கரையிலும் தாமிரவருணிக் கரையிலும் பிறந்து, பிழைப்பை நாடி இத்துணைத் தொலைவு வந்த நாம், சொந்த ஊர் ஆற்றின் பெருமையைப் பேசிப் பேசி மகிழ்கிறோம். ஆனால் நாள்தோறும் நம் வீட்டு உலையில் கொதிக்கும் யமுனை நீரின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் பணித்தபோது, அவ்வரலாற்றையே எழுதத் துணிந்தேன். அடியேன் பொறியியல் கற்றவன் அல்லேன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்தவன். ஆகவே படித்தும் கேட்டும் எனக்கு விளங்கியவற்றை, என்னைப் போன்றோருக்கு விளங்கும் வகையில் எழுதுகிறேன்.

குளமும் கால்வாயும்

விடுமுறை நாட்களில் நாம் குடும்பத்தோடு சென்று கண்டுவரும் இடங்கள் பலவும் பண்டைய டில்லியின் நீர்நிலைகளே. மெஹ்ரோலியில் உள்ள ஹவுஸ்-இ-ஷம்ஸி 13ஆம் நூற்றாண்டில் இல்டுமிஷ் மன்னர் வெட்டுவித்த குளம். ஹவுஸ் காஸ் ஏரி அலாவுதீன் கில்ஜியின் காலத்தது. கன்னாட் பிளேஸுக்கு அண்மையில் உள்ள அக்ரசேன் பாவ்லி, படி இறங்கிச் சென்று நீர் மொள்ளும் ஆழ்கிணறு. இத்தனை குளங்களையும் படிக்கிணறுகளையும் முன்னோர் ஏன் அமைத்தனர்? யமுனை அருகிலேயே ஓடினாலும் அதன் நீரை மேட்டு நிலத்துக்கு ஏற்றுவது அக்காலத்தில் எளிதன்று. சாதாரணக் கிணறுகளிலோ பல இடங்களில் உப்பு நீரே ஊறிற்று.

14ஆம் நூற்றாண்டில் பிரோஸ் ஷா துக்ளக் யமுனையிலிருந்து ஒரு கால்வாய் வெட்டுவித்தார். அது தூர்ந்து போயிற்று. 17ஆம் நூற்றாண்டில் ஷாஜஹான் புதுநகர் எழுப்பியபோது, அலி மர்தான் கான் என்பவர் அதனைச் செப்பனிட்டு நகருக்குள் கொணர்ந்தார். சாந்தினி சௌக்கின் நடுவே அக்கால்வாய் நீர் ஓடிற்று. முகலாய ஆட்சி தளர்ந்தபோது மீண்டும் தூர்ந்தது. ஆங்கிலேயர் 1820இல் அதனை மீண்டும் திறந்தனர். கட்டுவதும், கவனியாது விடுவதும், தாகம் எடுத்த பின் மீண்டும் தோண்டுவதும் இந்நகரின் பழைய வழக்கம் என்பது இதனால் விளங்கும்.

சந்திராவல் நிலையம்

இன்று நாம் அறிந்துள்ள குழாய் நீருக்கு அடிகோலியது சந்திராவல். பழைய நகருக்கு வடக்கே, யமுனையின் மேல்கரையில், 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் ஆற்றங்கரைக் கிணறுகளிலிருந்து நீர் இறைத்து நகருக்கு அனுப்பும் ஏற்பாடு அங்கே தொடங்கிற்று. அன்று டில்லி ஒரு மாவட்டத் தலைநகர் மட்டுமே. 1901ஆம் ஆண்டுக் கணக்கின்படி டில்லிப் பகுதியின் மக்கள் தொகை ஏறத்தாழ 4 லட்சம்.

1911 டிசம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தர்பாரில் அமர்ந்து, தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். அந்த ஓர் அறிவிப்பால் இந்நகரின் தாகம் பன்மடங்காயிற்று. ஆற்றங்கரைக் கிணறுகள் போதாமற் போகவே, வஜீராபாத் என்னும் இடத்தில் ஆற்றிலிருந்தே நேராக நீரை இறைத்துச் சந்திராவலுக்கு அனுப்பித் தூய்மை செய்யும் முறை ஏற்பட்டது. நகரசபைகளும் இராணுவக் குடியிருப்பும் தனித்தனியே நீருக்கு அலையாதிருக்க, 1926ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கூட்டுக் குடிநீர் வாரியம் ஒன்று அமைந்தது. புது டில்லி 1931இல் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. சந்திராவலின் முதற் பெரிய சுத்திகரிப்பு நிலையமும் அக்காலத்ததே.

அந்நிலையத்தில் நடப்பது என்ன? நம் பாட்டிமார் கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிடுவார்களே, அதே தத்துவந்தான். ஆற்று நீரில் படிகாரத்தைக் கரைத்து விடுகின்றனர். படிகாரம் நுண்ணிய மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துத் திரளச் செய்கிறது. திரண்டவை பெரிய தொட்டிகளில் அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் மணற்படுகையின் வழியே வடிகிறது. இறுதியில் குளோரின் கலந்து, எஞ்சிய கிருமிகளைக் கொன்று, குழாய்க்கு அனுப்புகின்றனர். மண்ணை நீக்குவது படிகாரமும் மணலும். கிருமியை நீக்குவது பெரும்பாலும் குளோரின். இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்; பின்னர் வரும் துயரக் கதைக்கு இதுவே திறவுகோல்.

1941இல் டில்லியின் மக்கள் தொகை 9 லட்சத்துச் சொச்சம். 1951இல் அது 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நாட்டுப் பிரிவினையின்போது உடைமை யாவும் இழந்து வந்த மக்கள் லட்சக்கணக்கில் இங்கே குடியேறினர். அரசாங்க அலுவலகங்கள் பெருகவே, சென்னை மாகாணத்திலிருந்தும் எழுத்தரும் கணக்கரும் சுருக்கெழுத்தாளரும் குடும்பத்தோடு வந்து, கரோல் பாக்கிலும் கோல் மார்க்கெட் சுற்றுப்புறத்திலும் குடியமர்ந்தனர். பத்தாண்டில் ஊர் ஏறத்தாழ இருமடங்காயிற்று. குடிநீருக்கு வாய் மட்டும் அதே வஜீராபாத்.

1955ஆம் ஆண்டு

வஜீராபாத்தில் நீர் இறைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே, அதே கரையில், நஜப்கட் கால்வாய் யமுனையில் வந்து விழுகிறது. இது ஆதியில் சாக்கடை அன்று. ஆரவல்லி மலைச்சரிவில் தோன்றிய சாஹிபி என்னும் ஆறு, நஜப்கட் ஏரி வழியாக வந்து யமுனையில் கலந்த வழியே இது. நகரம் வளர வளர அதில் வீட்டுக் கழிவும் தொழிற்கழிவும் விழுந்து, ஆறு சாக்கடையாயிற்று. அது நீர் இறைக்கும் இடத்துக்குக் கீழே இருந்தமையால், ஆறு ஓடும் வரை ஆபத்தில்லை என்று அனைவரும் எண்ணியிருந்தனர். ஆறு எப்பொழுதும் மேலிருந்து கீழே தானே ஓடும்?

1955 அக்டோபரில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபோது ஆறு தன் போக்கைச் சற்று மாற்றிக்கொண்டு, நீர் இறைக்கும் கரையை விட்டுக் கிழக்கே ஒதுங்கிற்று. இறைக்கும் இடத்தின் முன்னே நீரோட்டம் மெலிந்தது. நாள்தோறும் கோடிக்கணக்கான கேலன் நீரை உறிஞ்சும் எந்திரங்களோ நிற்கவில்லை. மேலிருந்து வரும் நீர் போதாதபோது, அவை கீழிருந்து இழுத்தன. நஜப்கட் கால்வாயின் கழிவுநீர் எதிர்த்திசையில் ஏறிவந்து, குடிநீர் வாய்க்குள்ளே புகுந்தது. நவம்பர் மாத நடுவில் ஏறத்தாழ ஒரு வார காலம் இந்நிலை நீடித்தது.

நிலையத்தில் பணிபுரிந்தோர் இதனை அறியாமல் இல்லை. வரும் நீரின் தன்மை மாறியதைச் சோதனைகள் காட்டின. அவர்கள் படிகாரத்தைக் கூட்டினர். குளோரினையும் வெகுவாகக் கூட்டினர். குழாயில் சென்ற நீர் தெளிவாகவே இருந்தது. அவ்வாரம் வாந்திபேதி பரவவில்லை. குடற்காய்ச்சலும் சீதபேதியும் வழக்கத்துக்கு மேல் பெருகவில்லை. ஆபத்து நீங்கிற்று என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை.

டிசம்பர் மாதம் பிறந்தது. நகரெங்கும் மஞ்சட்காமாலை தலைகாட்டிற்று. முதலில் இங்கொருவர் அங்கொருவர். பின் தெருவுக்குத் தெரு. பின் வீட்டுக்கு வீடு. 1956 ஜனவரிக்குள் கண்ணும் தோலும் மஞ்சளித்துப் படுத்தோர் ஏறத்தாழ 29,300 பேர் என்று பின்னர்க் கணக்கிடப்பட்டது. மஞ்சள் நிறம் தோன்றாமலே நோயுற்றோர் இதனினும் மிகுதி. சிறு குழந்தைகளைக் காட்டிலும் நடுவயதுக்கு உட்பட்ட வாலிபரையே நோய் மிகுதியாகப் பற்றிற்று. நோயுற்றவருள் மிகப் பெரும்பாலோர் பிழைத்துக்கொண்டனர். ஆனால் கருவுற்ற பெண்களிடையே மட்டும் இறப்பு மற்றவரைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. காரணம் அன்று எவருக்கும் விளங்கவில்லை.

நம் காலனியில் தொண்ணூறு வயதை நெருங்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். அக்குளிர்காலத்தில் அவர் மணமாகிக் கரோல் பாக்குக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் கணவர் ஒரு மாதம் படுக்கையில் கிடந்தாராம். ஊரிலிருந்து மாமனார் கீழாநெல்லியை உலர்த்திப் பார்சலில் அனுப்பினாராம். அடுத்த வீட்டில் தலைப்பிள்ளைக்குக் காத்திருந்த பெண் ஒருத்தி வைத்தியசாலைக்குப் போனவள் திரும்பி வரவில்லை என்று சொல்லிச் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின், "தண்ணி என்னிக்கும் போலத் தெளிவாத்தானேடா வந்தது! ஒரு வாசனை கிடையாது, ஒரு கலங்கல் கிடையாது" என்றார். இக்கட்டுரை முழுவதையும் அவ்வொரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கண்ணுக்குத் தெரியாத பகைவன்

நோய் பரவிய விதத்தை டாக்டர் ஆர். விசுவநாதன் ஆராய்ந்து, 1957இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டில் வெளியிட்டார். நவம்பரில் நீர் மாசுற்ற வாரத்துக்கும் டிசம்பர், ஜனவரியில் நோய் கண்ட நாட்களுக்கும் இடையே உள்ள காலம், இந்நோய் உடலுக்குள் மறைந்திருக்கும் காலத்தோடு ஒத்திருந்தது. உலக மருத்துவ நூல்களில் இன்றளவும் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் கொள்ளைநோய்களுள் டில்லிக் காமாலையும் ஒன்று.

குளோரின் ஏன் கைவிட்டது? இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, சாக்கடை நீரில் அம்மோனியாவும் அழுகிய பொருள்களும் மிகுதி. குளோரினை எவ்வளவு இட்டாலும் அது முதலில் இவற்றோடு கலந்து வலுவிழக்கிறது. அம்மோனியாவோடு சேர்ந்த குளோரின் கிருமியைக் கொல்லும். ஆனால் மெல்லக் கொல்லும். இரண்டாவது, வாந்திபேதி, குடற்காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் எளிதில் மடிவன. காமாலையை உண்டாக்கும் வைரஸ் அவற்றினும் நுண்ணியது, தாக்குப் பிடிப்பது. அன்று இடப்பட்ட குளோரின் முன்னதைக் கொன்றது, பின்னதை விட்டுவிட்டது. ஒரு வாயிலில் காவலன் விழித்திருந்து கள்வர் பலரைப் பிடித்தான். அவன் முகம் அறியாத ஒருவன் மட்டும் அவன் எதிரிலேயே உள்ளே நுழைந்தான்.

அவன் பெயர் தெரிய இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1978இல் காஷ்மீரத்தில் இதே போன்ற காமாலை பரவியபோது டாக்டர் குரூ அதனை ஆராய்ந்து, இது புதுவகை நோயாகலாம் என்றார். டில்லி நோயாளிகளின் சேமித்து வைக்கப்பட்ட குருதி மாதிரிகளை 1980ஐ ஒட்டிப் புதுமுறையால் சோதித்தபோது, அதுவரை அறியப்பட்டிருந்த ஏ வகை, பி வகை இரண்டுமே அக்கொள்ளைநோய்க்குக் காரணமல்ல என்று தெரிந்தது. 1983இல் பலாயன் என்னும் சோவியத் விஞ்ஞானி, நோய்க்கூறு கலந்த கரைசலைத் தாமே அருந்தி நோயுற்று, அவ்வைரஸைக் கண்டு காட்டினார். ஈ வகைக் காமாலை என்று இன்று வழங்குவது அதுவே. கருவுற்ற பெண்களுக்கு அது பெருங்கேடு விளைப்பதும் இன்று மருத்துவர் யாவரும் அறிந்ததே. கரோல் பாக்கில் இறந்த அப்பெண்ணின் நோய்க்குப் பெயர் வைக்க உலகுக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

அணையும் விரிவும்

1955க்குப் பின் நிலையத்தைப் பழையபடி விட்டுவைக்க இயலாது என்பது தெளிவாயிற்று. பெரிய நிலையம் வேண்டும் என்பது ஒன்று. அதனினும் முதன்மையாக, ஆற்றின் வாயைச் சாக்கடையின் வாயிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது மற்றொன்று. 1959இல் வஜீராபாத்தில் யமுனையின் குறுக்கே தடுப்பணை எழுந்தது. அணைக்கு மேலே நீர் தேங்கி நிற்கும், அங்கிருந்து இறைக்கின்றனர். நஜப்கட் கால்வாய் அணைக்குக் கீழே விழுகிறது. ஆறு இனி எத்திசையில் ஒதுங்கினாலும் கழிவுநீர் அணையைத் தாண்டி மேலேறி வர இயலாது. செங்கல்லும் இரும்பும் கொண்டு எழுதப்பட்ட ஒரு நல்ல பாடம் அவ்வணை.

1958 ஏப்ரலில் டில்லி மாநகராட்சி தோன்றியபோது குடிநீர்ப் பொறுப்பு அதனிடம் சேர்ந்தது. சந்திராவலில் இரண்டாம் நிலையம் எழுந்தது. இரண்டும் சேர்ந்து நாள்தோறும் 9 கோடி கேலன் தரவல்லவை. வஜீராபாத்திலேயே தனி நிலையம் அமைந்து, படிப்படியாக 12 கோடி கேலனுக்கு மேல் விரிந்தது. பின்னர் யமுனையின் மேற்குக் கால்வாய் நீரைக் கொண்டு ஹைதர்பூர் நிலையமும், கங்கைக் கால்வாய் நீரைக் கொண்டு பாகீரதி நிலையமும் வந்தன. 1998இல் டில்லி ஜல் போர்டு என்னும் தனி வாரியம் ஏற்பட்டது. 2006இல் முராத்நகரிலிருந்து பெருங்குழாய் வழியே கங்கை நீரைக் கொணர்ந்து, நாள்தோறும் 14 கோடி கேலன் வழங்கும் சோனியா விஹார் நிலையம் இயங்கத் தொடங்கிற்று. நகர் முழுதும் இன்று நாள்தோறும் வழங்கப்படுவது 90 கோடி கேலனுக்கு மேல். 2011ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 1 கோடியே 68 லட்சம். ஆகவே எத்தனை கோடி கேலன் வந்தாலும் சில தெருக்களில் தண்ணீர் லாரியின் பின்னே குடத்தோடு ஓடுவோர் இருக்கத்தான் செய்கின்றனர்.

சாக்கடை மேலேறிய கதை

அணை கட்டியவர்கள் ஒன்றை மட்டும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அணைக்குக் கீழே இருந்த சாக்கடையை அவர்கள் தடுத்தனர். அணைக்கு மேலே புதுச் சாக்கடைகள் தோன்றும் என்று யார் கண்டார்? அரியானாவில் பானிப்பட்டும் சோனிப்பட்டும் தொழில் நகரங்களாய் வளர்ந்தன. சாயப்பட்டறை முதலியவற்றின் கழிவும் ஊர்க் கழிவும் வாய்க்கால்கள் வழியே யமுனையைச் சேர்கின்றன. சோனிப்பட்டுப் பகுதியில் நல்ல நீர் செல்லும் வாய்க்கால் ஒன்றும் கழிவுநீர் செல்லும் வாய்க்கால் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இடையே உள்ள கரை உடைந்தாலும் ஒன்று நிரம்பி வழிந்தாலும் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதன் பயனை நாம் ஒவ்வொரு குளிர்காலத்திலும் காண்கிறோம். "நீரில் அம்மோனியா மிகுந்தது, வஜீராபாத், சந்திராவல் நிலையங்களில் உற்பத்தி குறைக்கப்பட்டது" என்று பத்திரிகையில் செய்தி வரும், மறுநாள் குழாய் மெலியும். பத்து லட்சம் பங்கு நீரில் ஏறத்தாழ ஒரு பங்கு அம்மோனியா வரையில்தான் இப்பழைய நிலையங்கள் தாங்கும். ஒரு பங்கு அம்மோனியாவை முற்றும் அழிக்க எட்டு முதல் பத்துப் பங்கு குளோரின் வேண்டும். அளவுக்கு மேல் குளோரினைக் கொட்டினால், அது பிற பொருள்களோடு சேர்ந்து வேறு தீங்குகளைப் பயக்கும். ஆகவே நீரைக் குறைப்பதே வழி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். உற்பத்தி குறைந்த செய்தியைக் கண்டதும் நாம் சினம் கொள்கிறோம். 1955இல் எந்திரங்கள் நிற்கவில்லை. குழாயில் நீர் குறையவில்லை. எவரும் சினம் கொள்ளவில்லை. நிறுத்தத் தெரிந்த நிலையமே நம்பத்தக்க நிலையம். இரண்டு நாள் நீர் குறைவது துன்பந்தான். ஆனால் அத்துன்பம் 29,300 பேர் பட்ட துன்பத்திலிருந்து கற்றது.

ஆற்று நீரைப் பங்கிடுவது பற்றி 1994இல் யமுனைக் கரை மாநிலங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன. வஜீராபாத் நீர்த்தேக்கம் எந்நாளும் நிரம்பியிருக்க வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவ்விரண்டும் நீரின் அளவைப் பற்றியே மிகுதியும் பேசுகின்றன. நீரின் தூய்மைக்கு ஒப்பந்தம் எழுதுவது அதனினும் கடினம் போலும்.

2023 ஜூலை

எங்கள் இரயில்வேயின் பழைய இரும்புப் பாலம் யமுனையின் மேல் 1860களில் எழுந்தது. ஆற்று வெள்ளத்தின் உயரத்தை இன்றும் அப்பாலத்திலேயே அளக்கின்றனர். அங்கே 205.33 மீட்டர் என்பது அபாயக் குறி. 1978ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அது 207.49 மீட்டரைத் தொட்டது. அதனை மிஞ்சும் வெள்ளம் வாராது என்று பலர் நம்பியிருந்தனர். 2023 ஜூலை 13ஆம் நாள் 208.66 மீட்டர் வரை நீர் ஏறிற்று. பாலத்தின் மீது வண்டிகள் நிறுத்தப்பட்டன. வஜீராபாத், சந்திராவல், ஓக்லா ஆகிய மூன்று நிலையங்களும் மூடப்பட்டன. ஊரெங்கும் வெள்ளம், குழாயில் நீர் இல்லை. மாநகரின் நீரில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சில நாட்களுக்கு நின்றுபோயிற்று.

1955லும் வெள்ளம்; 2023லும் வெள்ளம். முன்னதில் நிலையம் ஓடியது, நோய் வந்தது. பின்னதில் நிலையம் நின்றது, தாகம் வந்தது. ஆற்றங்கரையில் கட்டிய நிலையத்துக்கு ஆறே உயிரும் ஆறே ஆபத்தும் என்பதை இரண்டும் காட்டுகின்றன. ஆகவே எந்திரங்களின் மின்சாரப் பகுதிகளை வெள்ள மட்டத்துக்கு மேலே வைப்பதும், ஒரு நிலையம் நின்றால் மற்றொரு நிலையத்தின் நீரை அத்தெருக்களுக்குத் திருப்பும் குழாய் இணைப்புகளை அமைப்பதும், புதுத் தொட்டி கட்டுவதற்கு ஒப்பான வேலைகளே. இரயில்வேயில் ஒரு தடம் அடைபட்டால் வண்டியை மாற்றுத் தடத்தில் விட நாங்கள் வழி வைத்திருப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

இனிச் செய்யத்தக்கது

சந்திராவலின் மூத்த நிலையத்துக்கு ஏறத்தாழ நூறு வயது ஆகிறது. அதனைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டுவதில் பொருளில்லை என்று கண்டு, ஜப்பானியக் கடனுதவியோடு புது நிலையம் அமைக்கத் திட்டம் வகுக்கப்பட்டது; 2012இல் கடன் ஒப்பந்தமாயிற்று. நாள்தோறும் பத்தரைக் கோடி கேலன் நீரைத் தூய்மை செய்யவும், பழைய முறைகளோடு ஓசோன் வாயுவையும் கரியடுக்கையும் பயன்படுத்தவும் அத்திட்டம் வகை செய்கிறது. அம்மோனியா மிகுந்த நீரையும் அது ஓரளவு தாங்கும். ஊற்றிலிருந்து குழாய் வரை கசிந்து வீணாகும் நீரைக் குறைக்கப் பழைய குழாய்களை மாற்றுவதும் அதன் பகுதி.

இவையெல்லாம் நல்லவையே. எனினும் இத்தனை ஆண்டு வரலாற்றைப் படித்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நிலையத்தைப் புதுப்பிப்பது பற்றிய பேச்சில் நாம் எப்பொழுதும் "எத்தனை கோடி கேலன்?" என்றே கேட்கிறோம். 1955இல் கேலனுக்குக் குறைவில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு உள்ளன: நீர் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? அதற்கு மேலே என்னென்ன விழுகின்றன? ஆறு ஒதுங்கினால் என்ன ஆகும், ஏறினால் என்ன ஆகும்? நீர் கெட்டால் எந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு உண்டு? இக்கேள்விகளுக்கு விடை இல்லாத நிலையம் எத்துணைப் பெரிதாயினும், சாக்கடையைப் பெரிய அளவில் இறைக்கும் நிலையமாகவே முடியலாம்.

நம் வீட்டளவிலும் சில உண்டு. நிலையத்திலிருந்து நல்ல நீர் புறப்பட்டாலும், கசியும் குழாயும் மோட்டார் வைத்து உறிஞ்சும் பழக்கமும் சாக்கடை நீரைக் குழாய்க்குள் இழுத்துவிடும். வஜீராபாத்தில் பெரிய எந்திரம் செய்ததை நம் வீட்டுச் சிறிய மோட்டார் தெருவில் செய்கிறது. மாடித் தொட்டியை ஆண்டுக்கு இருமுறையேனும் கழுவுக. காமாலை என்று ஒரு வீட்டில் கேள்விப்பட்டால், தெருவார் யாவரும் கொதித்து ஆறிய நீரையே பருகுக. காலனியில் கருவுற்ற பெண் இருந்தால் அவ்வீட்டில் இதனை ஒருநாளும் மறவாதிருக்க.

நம் பாட்டியார் இன்றும் செம்பில் பிடித்த நீரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டே அடுப்பில் வைக்கிறார். "தெளிவா இருக்கே பாட்டி, எதுக்குக் காய்ச்சணும்?" என்று பேரப் பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர் விடை சொல்வதில்லை. அவர் சொல்லாத விடையை அப்பிள்ளைகளும் அறிய வேண்டும் என்றே இதனை எழுதினேன்.